தாளில் நின்றுபோன துளை

இல்லை, ஷாலன் யாரோடும் ஓடவில்லை. முதலாளியோடு பழகினாள், கம்பெனி வரைபடங்களைத் திருடி விற்றாள் என்று குழாயடியில் நின்று எத்தனை தடவை சொன்னாலும் அது உண்மையாகிவிடாது. அந்தப் பெண் போனதற்குக் காரணம் ஒரு துளை. சுண்டுவிரல்கூட நுழையாத சின்னத் துளை. கேட்பதானால் முழுக்கக் கேளுங்கள்.

புருஷன் லாரி விபத்தில் போனபோது அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை. மாமியார் ஹௌசாபாய், கொழுந்தன் விலாஸ், அவள், அவ்வளவுதான் வீடு. விலாஸ் ஷிரோலி தொழிற்பேட்டையில், முதலாளி காட்கேயின் பட்டறையில் இரும்பு குடையும் மெஷினில் நின்றான். அண்ணி அழுதுகொண்டே கிடக்கக் கூடாதென்று அவன்தான் அவளைக் கம்ப்யூட்டரில் வரையும் படிப்பில் சேர்த்தான், தினமும் சைக்கிளில் கொண்டுபோய் விட்டான். அப்போதும் இந்தத் தெரு வாயை மூடிக்கொண்டா இருந்தது? படிப்பு முடிந்ததும் அதே பட்டறையின் மாடி அறையில் அவளுக்கு வேலை கிடைத்தது.

அந்த வேலை என்னவென்று தெரிந்துகொண்டு பேசுங்கள். கம்ப்யூட்டருக்குள் சாமானை முழு உருவமாகச் செய்துவைப்பாள். முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, மேலேயிருந்து பார்த்தால் எப்படி என்று அதன் படங்கள் தாளில் இறங்கும். கீழே இருப்பவர்கள் தாளைப் பார்த்துத்தான் இரும்பைக் குடைவார்கள். உள்ளே உருவத்தைப் புரட்டினால் தாளில் உள்ள படமும் கூடவே புரண்டுவிடும். புரளாமலிருக்க வேண்டுமென்றால், முதலில் படத்தை அந்தச் சாமானின் ஒரு பக்கத்தோடேயே கட்டிவைக்க வேண்டும். அப்புறம் அது குப்புறக் கிடந்தாலும் மல்லாந்து கிடந்தாலும் படம் அசையாது. ஷாலன் இதை ஒருநாளும் மறந்ததில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

வெல்ல ஆலைகளில் கரும்பு ஆட்டுகிற எந்திரம் இருக்கிறதே, அதன் உருளைத் தண்டைத் தாங்கும் இரும்புக் கட்டை அது. அடிப்பக்கம் கனம்; மேல்பக்கம் எண்ணெய் விடத் துளை. கரும்பு வெட்டு நெருங்கிவிட்ட அவசரத்தில் துளையை உருவத்தில் போடாமல் தாளில் மட்டும் கோடாகக் குறித்துவிட்டாள். பிறகு, குப்புறச் செய்திருந்த உருவத்தை எந்திரச் சட்டத்தில் உட்காரும்படி நிமிர்த்தித் திருப்பினாள். படத்தைக் கட்டிவைக்கவில்லை. படம் புரண்டது, கையால் போட்ட கோடு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. துளை கனமான அடிப்பக்கத்துக்குப் போய்விட்டது.

விலாஸ் தாளோடு மாடியேறி வந்தான்.

“அண்ணி, துளை இந்தப் பக்கமா? பாரமெல்லாம் இங்கதானே உக்காரும்?”

அவள் காதில் போன். தாளைப் பார்க்கக்கூட இல்லை. “தாள்ல இருக்கிறபடி போடுங்க தம்பி.”

போட்டான்.

ஆட்டம் தொடங்கியதும் ஆலைக்கு ஆலை எண்ணெய் இறங்காமல் தண்டு காய்ந்து இறுகி நின்றது. கட்டைகள் பட்டறைக்கே திரும்பி வந்தன. ஷாலன் படத்தைத் திறந்தாள், தப்பு தன்னுடையதென்று தெரிந்தது. கட்ட வேண்டியதைக் கட்டி, துளையை உருவத்திலேயே போட்டு, புதுத் தாள் எடுத்தாள். ஏமாற்ற நினைத்தல்ல, தப்பான படம் கண்முன் கிடப்பதைப் பொறுக்க முடியாமல். அந்தத் தாளைத்தான் காட்கே மேஜையிலிருந்து உருவிக்கொண்டு கீழே போனார். விலாஸின் பழைய தாள் மெஷின் துடைத்துக் குப்பைக்குப் போயிருந்தது.

“படம் சரியாத்தானேடா இருக்கு? கண்ணை எங்கே வச்சிருந்தே?”

ஷாலன் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள். விலாஸ் ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பிறகு, நான்தான் தலைகீழாகப் பிடித்துப் பார்த்திருப்பேன் என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். அதோடு அவன் வேலை போனது.

அப்போது அவனுக்கு ஹாத்கணங்கலேயில் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண்வீட்டார் காதுக்கு விஷயம் எட்டுவதற்குள் ஷாலன் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் நினைத்தாள். தன் வேலையும் போனால் அடுப்பு எப்படி எரியும் என்று ஒவ்வொரு நாளும் விழுங்கினாள். ஹௌசாபாய் மகனைத் திட்டித்திட்டிச் சோறு போட்டாள். இவள் கேட்டுக்கொண்டே ரொட்டி தட்டினாள். தீபாவளி கழிந்து பெண்ணின் மாமா வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“ஒரு படத்தையே நேரா பாக்கத் தெரியாதவன், எங்க பொண்ணை எங்கே நேரா பாத்துக்கப் போறான்?”

மறுநாள் ஷாலன் பட்டறையில் மெஷின்களுக்கு நடுவே நின்று, தப்பு என்னுடையது என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். முடிந்துபோனதைக் கிளறாதே, மேலே போய் வேலையைப் பார் என்றார் காட்கே. அவள் மாடியேறவில்லை, வீட்டுக்கு வந்து ஹௌசாபாயிடமும் சொன்னாள். கிழவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, “ரொட்டி கருகுது பாரு” என்றாள். அவ்வளவுதான்.

விலாஸிடம் சொன்னபோது அவன் கோபிக்கக்கூட இல்லை.

“எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணி. நீங்களா வந்து சொல்வீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்.”

பெண்வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அதற்குள் பெண்ணுக்கு மிரஜில் வேறு இடம் பேசியாகிவிட்டது. அன்றிலிருந்து விலாஸ் தட்டைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டான். ஷாலன் பரிமாறக் குனிந்தால், பசியில்லை என்று எழுந்துவிடுவான். திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். பசியோடு எழுந்து போகிறவனை எத்தனை நாள் பார்ப்பாள், சொல்லுங்கள்?

ஒருநாள் காலையில் வீடு கூட்டி, மாமியாருக்கு வெந்நீர் வைத்துவிட்டு, ஒரு துணிப்பையோடு கிளம்பினாள். தனியாகத்தான், எங்கள் வாசலில் நின்று என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஹௌசாபாய் உள்ளேயே இருந்தாள். வாசலை அடைத்தபடி சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு விலாஸ் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். ஷாலன் அவனருகே வந்து நின்றாள். ஒரு வார்த்தை வரும் என்று நின்றாளோ என்னவோ. அவன் தலை நிமிரவில்லை. சைக்கிளை மட்டும் கொஞ்சம் இழுத்து, அவள் போக வழிவிட்டான்.