கதவைக் கழற்றிய வீட்டுக்காரர்

பின்னலாடைக் கம்பெனிகள் சூழ்ந்த ராயபுரத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டை, தன் மகனின் பனியன் குடோனுக்காக உடனே காலி செய்யச் சொன்னார் வீட்டுக்காரர்.

"கோர்ட் உத்தரவில்லாம எங்கள வெளியேத்த முடியாதுங்க" என்றேன்.

"தாராளமா இருங்க கண்ணு" என்று சிரித்தார். மறுநாள் ஆசாரியோடு வந்து, "ரிப்பேர் பண்ணோணுமுங்க" என்று வாசல் கதவைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வயதுக்கு வந்த மகளோடு திறந்த வீட்டில் கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அறை பீகார்க்காரர், ஒன்றும் கேட்காமல் தன் கதவைக் கழற்றி எங்கள் வாசலில் மாட்டினார். "நான் தனி ஆளு அக்கா" என்றார்.

கோர்ட்டில் தடை வாங்கினோம். கதவைத் திரும்ப மாட்ட வந்த வீட்டுக்காரர், "பேசியே தீத்திருக்கலாமுங்களே" என்றார். முதல் நாளே வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூட அவரைக் கொஞ்சம் மதித்திருப்பேன். அவர் சொல்லும் 'ங்க'வைக் கேட்டாலே எனக்குக் குமட்டுகிறது.