வெள்ளை ராகிக் களி

காரிமங்கலம் சந்தையில் தானியக் கடைக்காரர் என் வெள்ளை ராகியை அள்ளிப் பார்க்கிறார். ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய புது ரகம். ஏரியூரில் எங்கள் காடு முழுக்க இதுதான் விளைந்திருக்கிறது. விலை போகாவிட்டால் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

"ராகின்னா கருத்துக் கெடக்கணும் ஆயா. இது சோறாட்டம் இருக்குதுங்க."

எனக்கு எதிர்த்துப் பேச வராது. தூக்குச்சட்டியைத் திறந்து, காலையில் கிண்டிய களியையும் கீரைக் குழம்பையும் நீட்டுகிறேன். எங்கள் பக்கம் களியை யாரும் மெல்லுவதில்லை. வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அவர் ஓர் உருண்டையைக் கீரைக் குழம்பில் தோய்த்து விழுங்குகிறார். அவர் தொண்டையையே பார்த்து நிற்கிறேன்.

"நல்லாத்தான் எறங்குது."

"அப்ப எடுத்துக்குறீங்களா?"

"வாங்குறவங்க கண்ண மூடிக்கிட்டா வருவாங்க, ஆயா?"

பக்கத்தில் ராகி வாங்க வந்த பெண்ணிடம் சட்டியை நீட்டுகிறேன். அவள் களியைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சட்டிக்குள் நீட்டுகிறாள்.