விமானம் ரத்து, திட்டு எனக்கு

டிக்கெட் எடுத்துக் கொடுக்கிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: விமானம் பறந்தால் நம்மை யாரும் நினைப்பதில்லை, பறக்காவிட்டால் ஊரே நினைக்கும்.

கம்பைநல்லூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, உரக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருக்கிற சின்ன அறைதான் என் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, சுவரில் மேகத்துக்கு மேலே பறக்கிற விமானத்தின் படம். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் நான் இதுவரை விமானத்தில் ஏறியதே இல்லை. ஆனாலும் எந்த விமானம் எங்கே நின்றாலும் குற்றவாளி நான்தான். கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டுதான் கேட்கும். எனக்குப் போட்டால் நான் எடுத்துவிடுவேன். வேறென்ன காரணம் வேண்டும்?

ஏர்போர்ட் நாற்காலியில் கால் மாற்றிக் கால் மாற்றி உட்கார்ந்து, ‘வருந்துகிறோம்’ என்ற மெசேஜையும் ஒரு பிஸ்கட் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு பல்லைக் கடித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குச் சொன்னால் புரியும். இந்தத் தை மாதம் வடக்கே பனி, நடுவில் ஒரு கம்பெனியில் விமானம் ஓட்ட ஆள் இல்லை, இங்கே எங்கள் பக்கம் கல்யாணமும் காதுகுத்தும். எல்லாம் சேர்ந்து என் தலையில்தான் விடிந்தது.

கோகிலாவின் டிக்கெட்

கோகிலா எங்கள் தெருவில் தையல் மிஷின் போட்டிருப்பவள். அப்பா, அம்மா இரண்டு பேரும் இல்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன், செந்தில். அவன் குவைத்தில் லாரி ஓட்டுகிறான். தங்கைக்குக் குழந்தை பிறப்பதற்கு முன்னால் போனவன், இன்னும் வரவில்லை. மருமகளைப் போனில்தான் பார்த்திருக்கிறான். குழந்தை யாழினியும் போனைக் கண்டால் ‘மாமா’ என்று முத்தம் கொடுத்து அதை எச்சிலாக்கிவிடும்.

அந்த யாழினிக்குத் தை மாதம் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். சொந்த மாமன் இல்லாத வீட்டில் ஒன்றுவிட்ட மாமனை உட்கார வைப்பதும் உண்டு. ஆனால் அண்ணன் இருந்தும் வராமல் போனால், ‘அவளுக்குன்னு ஆரு இருக்கா?’ என்று புகுந்த வீட்டில் யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். கோகிலாவுக்கு அதுதான் பயம். குவைத்திலிருந்து மும்பை, மும்பையிலிருந்து பெங்களூர் என்று நான் டிக்கெட் போட்டேன். விசேஷத்துக்கு முந்தைய நாளே வந்துவிடுவான். அவள் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சொன்னாள்: “இது டிக்கெட் இல்லீங்கக்கா, என் பொறந்த வூடு.”

ஆரன்

சித்தேரி மலையிலிருந்து பெரியண்ணன் என்ற பெரியவர் பஸ் பிடித்து இறங்கி வந்தார். மகன் பட்டாளத்தில் இருக்கிறான். லீவு முடிந்து திரும்ப வேண்டியவன், டெல்லி விமானம் கிளம்பாமல் பெங்களூரில் மாட்டிக்கொண்டிருக்கிறான். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் பையனுக்குத் தண்டனை வந்துவிடுமோ என்பது அவர் கவலை. விமானம் ரத்தான தகவலை அச்செடுத்து, மகனுக்குப் போனிலும் அனுப்பி, “இதைக் காட்டினா மேலதிகாரி ஒண்ணும் சொல்ல மாட்டாருங்கய்யா” என்றேன். பெரியவர் கொஞ்சம் தெம்பாகி, எதற்காக விமானத்தை நிறுத்தினார்கள் என்று கேட்டார். டெல்லியில் ஒரே மூடுபனி, எதிரே எதுவும் தெரியவில்லையாம் என்றேன்.

அவர் முகத்தில் ஒரு இளக்காரம் வந்தது. பனிக்குப் பயந்து வண்டியை நிறுத்துகிற டிரைவரை அவர் ஆயுசில் பார்த்ததில்லை. நடுவில் கோகிலா வாசலில் எட்டிப் பார்த்து, “எங்கண்ணன் வண்டிக்குப் பனி கினி இல்லீங்களேக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். பெரியவர் விடவில்லை. “எங்க மலை பஸ்ஸு தை மாசம் பூரா பனிக்குள்ளதான் எறங்குது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். மேல ஆகாசத்துல பாறையும் கெடையாது, பள்ளமும் கெடையாது. ஆரன் அடிச்சிக்கிட்டே போவச் சொல்லும்மா!”

எதிர்வீட்டு சிங்கப்பூர்

இண்டூர் பிரபுவுக்கு சிங்கப்பூரில் வெல்டிங் வேலை. எங்கள் பக்கம் ஒருவர் வெளிநாடு கிளம்புவது என்றால் சும்மா இல்லை. பஞ்சாங்கம் பார்த்து, வாசலில் தேங்காய் உடைத்து, கார் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஒரே அழுகையாக அனுப்பி வைப்பார்கள். அப்படிக் கிளம்பியவர் திரும்பி வீட்டுக்குள் காலை வைக்கக் கூடாது. சார்ஜரை மறந்துவிட்டால்கூட யாராவது எடுத்து வந்துதான் கொடுக்க வேண்டும்.

பிரபுவை ஏற்றிக்கொண்டு போனது மாதேஷ். எனக்காகப் பெங்களூர் ஏர்போர்ட்டுக்குக் கார் ஓட்டுகிறவன், வாய்க்கு ஓய்வு கொடுக்காதவன். கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டியதும் விமானம் ரத்து என்று மெசேஜ் வந்தது. அடுத்த சீட் இரண்டு நாள் கழித்துத்தான். காரைத் திருப்பிக்கொண்டு வந்தால், பிரபுவின் அப்பா வாசலில் நின்று கையை நீட்டி மறித்துவிட்டார். உள்ளே வந்தால் சகுனத் தடை. எதிரே சித்தப்பா வீடு. பெட்டியும் பிரபுவும் அங்கே இறங்கினார்கள். வேளைக்கு வேளை அவன் மனைவி சித்ரா தெருவைத் தாண்டிப் போய்ச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் அவளிடமிருந்து எனக்குப் போன். திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். குரல் அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் இருந்தது. “சிங்கப்பூருல இருந்தா தெனமும் வீடியோ கால்ல பேசுவாருங்கக்கா. இப்ப எதிர்வூட்டுல உக்காந்துக்கிட்டு, வூட்டப் பாத்தா சகுனம் கெட்டுப் போயிடும்னு செவுத்தையே பாத்துக்கிட்டு இருக்காரு. சீக்கிரம் அனுப்பி வைங்க, மூஞ்சியையாவது பாக்குறேன்!”

புளிசோறு

வெளிநாட்டிலிருந்து வருகிறவரைக் கூட்டிவர ஒருவர் போனால் போதும் என்பது உங்கள் கணக்காக இருக்கலாம். எங்கள் பக்கம் ஒரு வேன் நிறையப் போவோம். துபாயிலிருந்து வந்த ஒரு பையனை அழைக்க மாதேஷ் ஓட்டிப் போன வேனில், அண்டா நிறையப் புளிசோறும் வேர்க்கடலைத் துவையலும் போயின. விமானம் தாமதம், இன்னும் தாமதம் என்று பலகையில் ஓடிக்கொண்டே இருந்தது. பையனின் அம்மா சரோஜா அண்டாவை ஏர்போர்ட் புல்தரையில் இறக்கிவிட்டார்.

காவலாளி ஓடி வந்து கன்னடத்தில் சத்தம் போட்டார். சரோஜாம்மா பிறந்தது ஓசூர்ப் பக்கம். அவர் பதற்றமே இல்லாமல், “ஊட்டா ஆயித்தா?” என்று கேட்டார். சாப்பிட்டாயா என்று அன்று யாரும் அந்த மனிதரைக் கேட்கவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அவர் காகிதத் தட்டோடு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். வாசனை பிடித்து, விமானம் கிடைக்காமல் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அண்டா காலியான பிறகுதான் துபாய் விமானம் இறங்கியது. பையனுக்குத் துவையல்தான் மிச்சம். மாதேஷ் மறுநாள் கடைக்கு வந்து சொன்னான்: “நாமதான் விமானத்துக்குக் காத்துக் கெடக்கறோம்னு நெனச்சங்க்கா. கடைசில பாத்தா அந்த ஏர்போர்ட்டே நம்ம புளிசோத்துக்குக் காத்துக் கெடந்திருக்குது!”

போனும் மடியும்

குவைத்திலிருந்து செந்தில் மும்பை வரைக்கும் ஒழுங்காகத்தான் வந்தான். அங்கே பெட்டியை வாங்கி, பெங்களூர் விமானத்துக்காக மறுபடி உள்ளே அனுப்பினான். அதோடு சரி. முதலில் தாமதம் என்றார்கள், பிறகு நாளைக்குக் காலையில் என்றார்கள், காலையில் ரத்து என்றார்கள். வேறு விமானத்தில் சீட்டே இல்லை. நான் விடிந்ததிலிருந்து கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அவனுக்கு மும்பையிலிருந்து பெங்களூர் பஸ்ஸில் இடம் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். அழைப்பு எனக்கும் உண்டு. கோகிலா முகத்தில் விழிக்கத்தான் கூச்சம். டிக்கெட் போட்டவள் நான்தானே.

ஆற்றோரம் முனியப்பன் கோயில். பந்தல், ஒலிபெருக்கி, ஒரு பக்கம் கிடா வெட்டிக் கறிச்சோறு வெந்துகொண்டிருந்தது. ஊசியோடு ஆசாரி உட்கார்ந்திருந்தார். நல்ல நேரம் போய்க்கொண்டே இருந்தது. கோகிலா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் மாமனார் நல்ல மனிதர்தான். அவர் தவிப்பு அவருக்கு. ஒன்றுவிட்ட மாமன் ஒருவரைக் காட்டி, “இவரு மடியில உக்கார வெக்கலாம். செந்தில வீடியோ கால்ல கூப்புட்டு, போனையும் மடியிலயே வெச்சிக்கலாம்மா. ரெண்டும் ஆச்சில்ல?” என்றார். போனில் செந்தில் வந்தான். பின்னால் ஏர்போர்ட் அறிவிப்பு இரைந்துகொண்டிருந்தது. கண் சிவந்திருந்தது. “குத்திடும்மா, எனக்காக நிறுத்தாத” என்றான். குழந்தை போனுக்கு முத்தம் கொடுத்தது. கூட்டமே கோகிலாவைப் பார்த்தது. அவள் எழுந்து, போனை அணைத்து, மாமனாரிடம் கொடுத்தாள். “போன்ல மூஞ்சி வரும் மாமா, மடி வருமா? எல்லாரும் சாப்புட்டுட்டுப் போங்க. காது எங்கயும் போயிடாது.”

சீர்

எல்லோரும் சாப்பிட்டார்கள். கை கழுவுகிற இடத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் பேசினார்கள். காது குத்தாத காதுகுத்து என்று ஊரில் பெயரே வைத்துவிட்டார்கள்.

மறுநாள் முன்பகலில் மாதேஷின் கார் என் கடை வாசலில் வந்து நின்றது. செந்தில் இறங்கினான். கசங்கிய சட்டை, முகமெல்லாம் தாடி, தோளில் ஒரு சின்னப் பை. பட்டுப் பாவாடை, கம்மல், கொலுசு என்று அவன் பார்த்துப் பார்த்து வாங்கிய சீரெல்லாம் பெரிய பெட்டியில் இருந்தது. பெட்டியோ இன்னும் மும்பையில் இருந்தது, பின்னால் அனுப்பி வைப்பார்களாம். “வெறுங்கையோட எப்படிக்கா போறது?” என்று என் கடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். நான் அவனைத் தேற்றுவதற்குள் மாதேஷ் போன் போட, கோகிலா குழந்தையோடு ஓடி வந்துவிட்டாள். அண்ணனைக் கட்டிக்கொண்டு, நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதாள். நானும் அழுதேன். மறைப்பானேன்?

பஞ்சாங்கத்தில் அன்றும் நல்ல நேரம் இருந்தது. கோயிலுக்கு எங்களோடு கோகிலாவின் புருஷன், மாமனார், ஆசாரி, அவ்வளவு பேர்தான். செந்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினான். இவ்வளவு பாடுபட்டு வந்த மாமனைப் பார்த்ததும் யாழினி வீறிட்டாள். அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “இது வேணாம், போன் மாமாதான் வேணும்!” என்று கத்தினாள். ஆசாரி இன்னும் ஊசியைக்கூட எடுக்கவில்லை. செந்திலின் முகம் செத்துப்போயிற்று. குவைத்திலிருந்து மும்பைக்கும், மும்பையிலிருந்து பெங்களூருக்கும், பெங்களூரிலிருந்து கம்பைநல்லூருக்கும் வந்தவனுக்குக் கடைசி ஒரு முழம் கிடைக்கவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தோள்பையைத் துழாவினான். உள்ளே சார்ஜர், பாஸ்போர்ட், அழுக்குத் துண்டு. அடியில் பளபளவென்று ஒரு பொட்டலம். மும்பை ஏர்போர்ட்டில் தாமதத்துக்கு வருந்திக் கம்பெனி கொடுத்த கிரீம் பிஸ்கட். கோபத்தில் தின்னாமல் பையில் போட்டிருக்கிறான். அதைப் பிரித்த சத்தத்தில் அழுகை நின்றது. ஒரு கண் மட்டும் திரும்பிப் பார்த்தது. ஒரு பிஸ்கட்டுக்கு ஒரு காலை மடியில் வைத்தாள், இன்னொன்றுக்கு முழுசாக உட்கார்ந்தாள். ஆசாரி மின்னல் மாதிரி இரண்டு காதையும் குத்தி முடித்தார். மறுபடி வீறிட்டவள், இந்த முறை முகத்தைப் புதைத்துக்கொண்டது மாமனின் கசங்கிய சட்டையில்தான்.

நான் என் பங்குக்கு, அந்தக் கம்பெனி நாசமாகப் போக என்று ஆரம்பித்தேன். கோகிலா கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கையைப் பிடித்தாள்: “அவங்களத் திட்டாதீங்கக்கா, பாப்பாவுக்குச் சீரு செஞ்சதே அவங்கதான்!”

ஆகவே பெரியோர்களே, விமானத்தை ரத்து செய்துவிட்டு உங்கள் கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைத் திணித்தால், ஆத்திரத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அது எந்த ஊரில் யாருடைய காதுக்கு ஆகுமோ, டிக்கெட் போட்ட எனக்கே தெரியாது.