மயில் பதக்கமும் அக்காவின் குழந்தையும்

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பள்ளிக்கூடத்தோடு நின்ற படிப்பு. நாலு பேர் கூடினால் பின்னால் போய் நிற்கிறவள். தெரியாமல் ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் அக்காவைக் குமணன்சாவடியில் கட்டிக்கொடுத்தோம். அம்மா தன் கழுத்துச் சங்கிலியை அழித்து அவளுக்கு ஒரு மயில் பதக்கம் செய்து போட்டாள். மயிலின் கழுத்தில் நீலக் கல், தோகை முழுக்கச் சிவப்பும் பச்சையும். எங்கள் பருத்திப்பட்டுத் தெருவில் அப்படி ஒன்றை யாரும் போட்டதில்லை. உள்ளே அரக்கு வைத்துக் கல் பதித்தது, தண்ணீர் போனால் கல் மங்கிவிடும் என்று ஆசாரி சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அது மனதில் பதிந்துவிட்டது. அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து குளிக்கும்போதெல்லாம் அம்மா குளியலறைத் தடுப்புக்கு வெளியே நின்று கத்துவாள்.

"ஏம்மே, மயில கயட்டி வச்சியா?"

"வைக்கலன்னா இன்னா, அதுக்கு ஜுரம் வந்துடுமா?" என்று உள்ளேயிருந்து அக்கா சிரிப்பாள்.

பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்காவுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. மாமியார் வீட்டிலேயே உயிர் போனது.

நாங்கள் போனபோது வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று மாமியார் பீரோவிலிருந்து பதக்கத்தை எடுத்து அவள் கழுத்தில் போட்டுவிட்டிருந்தார். மஞ்சள் பூத்த உடம்பில் அந்தக் கற்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. என்னால் பார்க்க முடியவில்லை.

அக்கா பிழைக்கமாட்டாள் என்று தெரிந்தபோதே குழந்தை எங்களிடம் வருவதாகப் பேச்சு முடிந்திருந்தது. தாயில்லாத பச்சைக் குழந்தை தாய்வீட்டில் வளர்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். என் சித்திக்கும் கைக்குழந்தை இருந்ததால் பாலுக்குக் கவலை இல்லை. "இட்டுனு போங்க அத்தே, நான் வந்து பாத்துக்கறேன்" என்று அக்கா புருஷனே அம்மாவிடம் சொல்லியிருந்தார். குழந்தையைச் சுற்ற அம்மாவின் பழைய புடவை ஒன்றைக் கிழித்து எடுத்து வந்திருந்தேன்.

குளிப்பாட்ட நேரம் வந்தது. பெண்கள் சுற்றிப் புடவையைப் பிடித்தார்கள். ஒருத்தி குடத்தைத் தூக்கினாள். அதுவரை சுவரில் சாய்ந்து கிடந்த அம்மா திடீரென்று எழுந்து, "மயில கயட்டுங்க! தண்ணி படக்கூடாது!" என்று கத்தினாள். வீட்டில் கத்துகிற அதே குரல்.

அழுகை நின்றுபோனது.

"கேட்டீங்களா? பெத்த பொண்ணு பொணமா கெடக்குது, இவங்களுக்கு நகை மேல கண்ணு!" என்றார் மாமியார்.

"ஐயோ சம்பந்தி, வாய் தவறி வந்துட்ச்சு. அவ குளிக்கறப்போ எப்பவும் சொல்றதுதான்..."

"எப்பவுமே நகை நெனப்புதான்னு நீங்களே சொல்றீங்களே!"

யாரோ ஒரு பெண் பதக்கத்தைக் கழற்றி அம்மாவின் கையில் திணித்தாள். அம்மா அதை எடுத்துப் போய்த் திரும்பவும் அக்காவின் மார்பில் வைத்தாள். "ஊத்துங்க" என்றாள். ஊற்றினார்கள். குடம் குடமாகத் தண்ணீர் கல்லின் மேல் ஓடியது.

"நடிப்பப் பாரு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அம்மா அப்படிப்பட்டவள் இல்லை என்று நான் சொன்னேன். மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்டதோ தெரியாது. பாடை தூக்குமுன் மாமியாரே பதக்கத்தைக் கழற்றி, துடைத்து, உள்ளே கொண்டுபோனார்.

எல்லாரும் சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் சித்தி குழந்தையைக் கேட்டாள்.

"நகைக்கு அலையற ஊட்டுக்கு எங்க புள்ள வராது" என்றார் மாமியார்.

அக்கா புருஷனை அம்மா பார்த்தாள். அவர் மொட்டைத் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். உள்ளே குழந்தை பசிக்கு அழுதது. சித்திக்கு ரவிக்கை நனைந்துவிட்டது. அவள் முந்தானையால் மூடிக்கொண்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் குழந்தையை ஐயப்பன்தாங்கலில் இருக்கும் அதன் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.