பட்டாசின் கட்டைவிரல்

சலூனில் அவளுக்குப் பட்டாசு என்று பேர். பக்கத்தில் யாராவது தும்மினாலே வெடிப்பாள். ஆனால் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுவிட்டால் வாயே திறக்க மாட்டாள். முதலில் இரண்டு உள்ளங்கைகளையும் வாடிக்கையாளரின் தோளில் சும்மா வைப்பாள். பிறகு கட்டைவிரல்கள் பிடரியில் ஏறும். முடியைத் தேய்ப்பதில்லை, மண்டைத் தோலையே விரல்நுனியில் பிடித்து மெல்ல நகர்த்துவாள். கடைசியில் நெற்றிப் பொட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு வந்த வங்கிக்காரர் கொட்டாவி விட்டபடி எழுந்து போவார். ஒரு டீச்சர் நாற்காலியிலேயே குறட்டை விட்டிருக்கிறார்.

அந்தக் கட்டைவிரல்தான் இப்போது வீங்கிக் கிடந்தது. "வீட்டுலயாவது அதைச் சும்மா விடும்மா. இல்லேன்னா இந்த வேலையை மறந்துடு" என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு வேலை அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

வீட்டில் யார் கேட்டார்கள்? பஸ் ஓட்டிவிட்டு வரும் புருஷன் செருப்பைக் கழற்றும் முன்பே தலையை நீட்டுவான். அவனுக்கு அடுத்து மாமியார்.

அன்று சாயங்காலம் அவள் கதவைத் திறந்தபோது, அவர்கள் இருவரோடு வெளியூரிலிருந்து வந்திருந்த நாத்தனாரும் அவள் கணவரும் கூடத்தில் இருந்தார்கள். நாலு பேரும் கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"வாம்மா தங்கச்சி!" என்றார் நாத்தனார் கணவர். "பஸ்ல வந்து கழுத்தெல்லாம் புடிச்சுக்கிச்சு. உன் கைவரிசையைக் காட்டு."

"என் விரலைப் பாருங்கண்ணே."

"அட, தடவிக் குடுக்கறதுல என்னம்மா கஷ்டம்? மூட்டையா தூக்குறே?"

அவள் புருஷனைப் பார்த்தாள். டாக்டர் சொன்னபோது பக்கத்திலேயே நின்றவன். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

கைப்பை சுவரில் மோதி விழுந்தது.

"டாக்டர் சொன்னப்ப காதை எங்க அடகு வெச்சிருந்தீங்க? உங்க எல்லாருக்கும் தலை இருக்கு, எனக்கு மட்டும் கழுத்து மேல பானையா? எழுந்திரிங்க!"

எழுந்தார்கள். முக்காலியை இழுத்துப் போட்டு அவள் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் புருஷன், அவனுக்குப் பின்னால் மாமியார், பிறகு நாத்தனார், கடைசியில் அவள் கணவர் என்று வரிசை கட்டவைத்தாள்.

"ம், அவங்கவங்க முன்னால இருக்கற தலையைப் புடிங்க."

"எனக்கு யாரும்மா?" என்றார் கடைசி ஆள்.

"பின்னால சுவரு இருக்கு. சாஞ்சுக்குங்க."

"வாயை மூடிக்கிட்டுப் புடிங்க" என்றாள் நாத்தனார், கண்ணை மூடிக்கொண்டு. "கல்யாணத்துக்கப்புறம் இன்னிக்குத்தான் உங்க கைக்கு வேலை வந்திருக்கு."

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் கணவர் முனகினார். "கை கடுக்குதும்மா."

"தடவிக் குடுக்கறதுதானேண்ணே? மூட்டையா தூக்குறீங்க?"

மாமியார் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினாள்.

"இழுக்காதீங்க, இது கியர் இல்ல" என்று புருஷனை அதட்டினாள் பட்டாசு. "மெதுவா. தோலை நகர்த்துங்க."

அவன் விரல்கள் நகர்ந்தன, பிடரிக்கு வந்ததும் நின்றன.

"என்னடி, இங்கல்லாம் கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு?"

"இப்பத்தான் தெரியுதா?"

இந்த முறை ஒழுங்காக அழுத்தினான். அவளுடைய இறுகிய தாடை தானாகத் தளர்ந்தது. கோபம் தளரவில்லை. வீங்கிய விரலை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"போதும்டா, அவ சமாதானமாயிட்டா" என்றாள் மாமியார்.

"யாரு சொன்னா?" என்றாள் பட்டாசு, கண்ணைத் திறக்காமல். "இந்த விரல் இனிமே சலூன்ல மட்டுந்தான். வீட்டுல யாருக்குத் தலை வலிச்சாலும் இதே வரிசைதான் அத்தை. இன்னும் நெத்திப் பொட்டு பாக்கி இருக்கு, புடிக்கச் சொல்லுங்க."