பட்டாசு குரலைத் தாழ்த்திய நாள்

எங்கள் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவனுக்குப் பட்டாசு என்றுதான் பெயர். "மத்த பட்டாசுக்காவது திரி இருக்கும், பத்த வெச்சதும் ஓடிடலாம். இவனுக்குத் திரியே கிடையாது" என்பார் எங்கள் மேலாளர். பதினோரு வருடமாக நானும் அவனும் ஒரே வேனில் போய், ஒரே கருவிப்பெட்டியில் கைவிட்டு வேலை பார்க்கிறோம். ஸ்பேனரை எடுத்துக் கொடுக்க ஒரு நொடி தாமதமானால் திட்டு. சரியான நேரத்தில் தவறான ஸ்பேனரைக் கொடுத்தால் அதற்கும் திட்டு. யார் மேலும் கை ஓங்கியதில்லை, கெட்ட வார்த்தை பேசியதில்லை. குரல் ஒன்றுதான். ஆனால் அது போதுமானதாக இருந்தது.

ஒரு சாயங்காலம் அவன் வேலை முடிந்து தன் வீட்டுப் படியேறிக்கொண்டிருந்தான். மூன்றாவது மாடி வீடு. உள்ளே அவன் மனைவியும் ஒன்பதாவது படிக்கும் மகளும் மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நின்று கேட்டவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாவியைப் பூட்டில் நுழைத்தான். சிரிப்பு அந்த நொடியே நின்றது. உள்ளே போனால் மகள் கையில் புத்தகம், மனைவி அடுப்படியில்.

"எதுக்குச் சிரிச்சீங்க?" என்று கேட்டிருக்கிறான்.

"ஒண்ணுமில்லைங்க."

மறுநாள் வேனில் சிக்னலுக்கு நிற்கும்போது என்னிடம் சொன்னான். "நான் உள்ள காலை வெச்சதும் கரண்ட் போன மாதிரி ஆயிடுச்சுடா." பச்சை விளக்கு விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் விஷயம் பெரிது என்று எனக்குப் புரிந்தது.

மகளையே கேட்டுவிட்டான். அவள் கொஞ்சம் யோசித்துச் சொன்னாளாம், "நீங்க என்ன மூடுல வர்றீங்கன்னு தெரியாதுல்லப்பா. அதனால முதல்ல கம்முனு இருந்து பாப்போம். நல்ல மூடுன்னா அப்புறம் பேசுவோம்." அவள் குறையாகச் சொல்லவில்லை. வீட்டு வழக்கத்தைச் சொல்வது போலச் சொன்னாள். அதுதான் அவனை அரித்தது.

மாற வேண்டும் என்று முடிவெடுத்தான். அதையும் கோபமாகத்தான் செய்தான். போனில் ஒரு செயலியை இறக்கி, புல்லாங்குழல் பின்னணியில் ஒரு அம்மா "மூச்சை மெல்ல உள்ளே இழுங்கள்" என்று சொல்ல, கண்ணை மூடி உட்கார்ந்தான். நடுவில் விளம்பரம் வந்ததும் போனைப் பார்த்துக் கத்தினான். பத்து வரை எண்ணச் சொன்னேன். "பத்து எண்ணி முடிக்கறதுக்குள்ள கோபம் பத்து மடங்காயிடுதுடா" என்றான்.

கடைசியில் வழி சொன்னது அவன் மனைவி. பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை அவளுக்கு. அமிலத்தையும் பிள்ளைகளையும் ஒரே அறையில் வைத்துச் சமாளிக்கிறவள். "கோபம் வரவே கூடாதுன்னு யாருங்க சொன்னா? வந்தா வந்துடுச்சுன்னு வாயால சொல்லுங்க. சத்தம் போடாம சொல்லுங்க. அது போதும்."

அன்றிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போதே அறிவிப்பான். "இன்னைக்குத் தலை சூடா இருக்கு. உங்க மேல இல்ல. பத்து நிமிஷம் விடுங்க." பிறகு கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்க உட்கார்ந்துவிடுவான். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, இஸ்திரி போட்டது போல மடிப்பான். கை அதில் ஓட ஓட, தோள் தானாகவே இறங்கிவிடும் என்றான்.

சில மாதம் நன்றாகப் போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர் காணாமல்போனதற்காக வீடு அதிரக் கத்தினான். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டெஸ்டர் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. திங்கட்கிழமை காலை வேனில் ஏறியவன் முகமே செத்துப்போயிருந்தது.

"எனக்கு இது வராதுடா. சும்மா நடிச்சிருக்கேன்."

நான் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. பழைய எட்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் மின்சாரம் போய் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே இரண்டு பேர்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்றாவது மாடியில் கூட்டம். லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே நின்றிருந்தது. அதன் தரை, மூன்றாவது மாடியில் நிற்கிற ஆளின் நெஞ்சு உயரத்தில். கட்டட மேற்பார்வையாளர் எங்களுக்குக் காத்திருக்காமல் இரும்புக் கம்பியால் மாடிக் கதவை நெம்பித் திறந்துவிட்டிருந்தார். உள்ளேயிருந்த இளைஞன் லிஃப்டின் கதவைத் தள்ளித் திறந்து, குப்புறப் படுத்து, இரண்டு காலையும் வெளியே தொங்கவிட்டிருந்தான். நேர்முகத் தேர்வுக்கு வந்தவன் போல, பளபளவென்று ஷூ. உள்ளே இருந்த துப்புரவுப் பணியாளர் அக்கா அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மேற்பார்வையாளர் கீழே நின்று அவன் காலைப் பிடித்தபடி, "குதிங்க சார், நான் பிடிச்சுக்கறேன்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் தொழிலில் இதைவிட மோசமான காட்சி கிடையாது. லிஃப்டின் தரைக்குக் கீழே, மூன்று மாடி ஆழத்துக்கு வெறும் இருட்டுக் கிணறு திறந்து கிடக்கிறது. குதிக்கிறவன் கால் ஓரத்தில் வழுக்கினால் சறுக்கி அதற்குள்தான் போவான். போதாதற்கு ஜெனரேட்டரைப் போட ஆள் கீழே போயிருக்கிறான் என்றார்கள். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகரக் கூடாது, நிஜம்தான். ஆனால் அந்தக் கட்டடத்து வயரிங்கை நாங்கள் ஒருநாளும் நம்பியதில்லை. மின்சாரம் வந்து லிஃப்ட் அசைந்தால், அந்த இளைஞன் பாதி உள்ளே, பாதி வெளியே.

பட்டாசின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தேன். இப்போது வெடிப்பான் என்று நினைத்தேன். அவன் தன் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "மேல போய் மெயினை ஆஃப் பண்ணு" என்றான். அவ்வளவுதான்.

இயந்திர அறை மொட்டைமாடியில். சாவியை வாங்கிக்கொண்டு ஓடினேன். ஏறும்போது போனைக் காதில் அழுத்திக்கொண்டேன். என் மூச்சிரைப்புக்கு நடுவே அவன் குரல் கேட்டது. பதினோரு வருடத்தில் நான் கேட்டிராத குரல்.

"தம்பி, நான் லிஃப்ட் மெக்கானிக். மேல பாக்காத, கீழயும் பாக்காத. என்னை மட்டும் கேளு."

"அண்ணா, மூச்சு முட்டுது. நான் குதிச்சுடறேன்."

"மூச்சு முட்டத்தான் செய்யும். ஆனா காத்து உள்ள வருது, கதவு திறந்துதான் இருக்கு. உன் ஷூ புதுசா?"

"என்னது?"

"ஷூ. புது ஷூன்னா அடி வழவழன்னு இருக்கும், வழுக்கும். அதனால குதிக்க வேண்டாம். ஒரு காலை மட்டும் மடக்கி உள்ள இழு. ஒரே ஒரு கால். இன்னொண்ணை அப்புறம் பாத்துக்கலாம்."

ஆறாவது மாடியில் எனக்கு நெஞ்சு வலித்தது. மேற்பார்வையாளர் மறுபடி ஏதோ கத்தினார். பட்டாசு கத்துவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"சார், அவர் காலை விடுங்க. மெதுவா விடுங்க. ரெண்டடி பின்னால போங்க. நன்றி."

நன்றியாம்! என் காதையே நான் நம்பவில்லை.

பூட்டைத் திறந்தேன். மெயின் சுவிட்சை இறக்கிய கையோடு, கீழே எங்கோ ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. "ஆஃப்! ஆஃப் பண்ணிட்டேன்!" என்று போனில் அலறினேன்.

பட்டாசு இன்னும் அந்த இளைஞனிடம்தான் பேசிக்கொண்டிருந்தான். "அப்படித்தான் தம்பி. இப்ப ரெண்டாவது கால். அக்கா, நீங்க காலரை விட்டுட்டு இடுப்பு பெல்ட்டைப் பிடிங்க. மூணு எண்ணறேன், இழுங்க."

மூன்று எண்ணினான். பிறகு நீண்ட அமைதி. அந்த அமைதியில் நான் எத்தனை விதமான சத்தங்களைக் கற்பனை செய்தேன் என்று சொல்ல முடியாது.

"உள்ள வந்துட்டான். கதவைச் சாத்தியாச்சு. சக்கரத்தைச் சுத்து."

ஒரு கையால் பிரேக்கைத் தளர்த்தி, மறு கையால் மோட்டார் மேலிருந்த கைச்சக்கரத்தை அங்குலம் அங்குலமாகத் திருப்பினேன். இரண்டே பேர் என்பதால் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை லிஃப்டை மேலே இழுத்தது. கயிற்றில் நான்காவது மாடிக்கான மஞ்சள் கோடு நேராக வந்ததும் பிரேக்கை மறுபடி இறுக்கினேன். நான்காவது மாடிக்கு ஏறி வந்திருந்த பட்டாசு கதவைத் திறந்தான். இருவரும் நடந்து வெளியே வந்தார்கள்.

நான் இறங்கி வந்தபோது மேற்பார்வையாளர் பட்டாசின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, எல்லாம் எங்கள் கம்பெனியின் தவறு என்று சாதித்துக்கொண்டிருந்தார். பட்டாசின் உதடு துடித்தது.

"சார், இப்ப எனக்கு ரொம்பக் கோபமா இருக்கு. இப்ப பேசினா நல்லா இருக்காது. பத்து நிமிஷத்துல வர்றேன்."

மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவன் எழுந்துபோய், கம்பியால் நெம்பியது ஏன் ஆபத்து என்று அந்த மனிதரை மூன்றாவது மாடிக் கதவருகே நிறுத்தி, விரல் வைத்துக் காட்டிச் சொன்னான். அந்த இருட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்ததும் மேற்பார்வையாளர் சுவரைப் பிடித்துக்கொண்டார். துப்புரவு அக்கா, "என் புருஷன் ஒரு கரப்பான் பூச்சிக்கே இதைவிட அதிகமாக் கத்துவாருப்பா" என்றார்.

மேலாளர் எங்களைப் பிற்பகலிலேயே வீட்டுக்குப் போகச் சொன்னார். அவனை இறக்கிவிடப் போன நானும் தேநீருக்காக உள்ளே போனேன். அவன் மனைவி அப்போதுதான் பள்ளியிலிருந்து மகளோடு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கத்தியது இன்னும் வீட்டுக்குள் நின்றிருந்தது. யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. நான்தான் நடந்ததைச் சொன்னேன்.

மகள் கேட்டாள், "நீங்க பயந்தீங்களாப்பா?"

"ரொம்ப." அவள் பக்கம் திரும்பி, "நேத்து டெஸ்டர் காணோம்னு கத்தினேன்ல? அதுவும் பயம்தான்னு நினைக்கறேன். எதுக்குன்னு தெரியல. எதுவா இருந்தாலும் அது உன் தப்பில்லம்மா. நான் பண்ணினது தப்பு."

மனைவி தேநீரை அவன் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மகள் நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து, ஆளை உள்ளே வைத்துக்கொண்டே லிஃப்ட் எப்படித் தானாக மேலே போகும் என்று கேட்டாள். அவன் எதிர் எடையை வரைந்தான், கயிற்றை வரைந்தான், சக்கரத்தைப் பாதி வரைந்தான். அவள் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வராமல் நிமிர்ந்து பார்த்தாள். பேனாவைக் கையில் பிடித்தபடியே, வாயைத் திறந்துகொண்டு, நாற்காலியில் தூங்கிப்போயிருந்தான்.