தஞ்சாவூருக்குக் கொண்டுபோன பன்னீர்

போன ஞாயிற்றுக்கிழமை குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற ஆண்பிள்ளைக்கு வீட்டில் ஒதுக்கப்படும் வேலைகளில் இது கொஞ்சம் கௌரவமானது. பக்கத்தில் என் மகள் கைபேசியை வைத்துக்கொண்டு தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போகத் திட்டம் போட்டாள். திறக்கும் நேரம், கார் நிறுத்துமிடம், மத்தியானச் சாப்பாடு, அப்புறம் சிவகங்கைப் பூங்கா என்று எல்லாம் முடிவாகிவிட்டது. விளக்கில் பாதிகூட இன்னும் பளபளக்கவில்லை.

ஒரு காலத்தில் நானும் பெரியம்மாவும் பெரியப்பாவும் அதே இடத்துக்குப் போக வருஷக்கணக்கில் திட்டம் போட்டோம்.

வெண்கலத்தில் புளி படும்போது எழுகிற அந்த வாடை எனக்குப் பெரியம்மாவின் வாடை. காரைக்கால் பகுதியில், திருநள்ளாற்றுக்குப் பக்கத்தில் சுரக்குடியில் பெரியப்பாவுக்கு நிலம் இருந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில், பெரியம்மா கல்யாணமாகி வந்த புதிதில், வயலில் வாய்க்கால் வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து ஓர் அம்மன் சிலை வந்தது. சர்க்காருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, ஆள் வரும்வரை வீட்டு மாடத்தில் வைத்திருந்தார்கள். பெரியம்மாதான் புளி போட்டுத் தேய்த்தாள், தினமும் குளிப்பாட்டினாள், தன் கூறைப்புடவையில் ஒரு துண்டு கிழித்துப் பாவாடை கட்டினாள். ஒருநாள் நடவுக்குப் போய்விட்டுத் திரும்பினால் மாடம் காலியாக இருந்தது. ஆபீசர் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம்.

"சொல்லிக்காமப் போயிட்டா" என்பாள் பெரியம்மா. கோபித்துக்கொண்டு போன தங்கச்சியைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும்.

பூமியிலிருந்து எடுத்த சாமியெல்லாம் தஞ்சாவூர் அரண்மனையில் வரிசையாக நிற்கிறது என்று கும்பகோணத்து உறவுக்காரர் ஒருவர் சொன்னதிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. யாரிடமும் எதையும் கேட்டு அவளை நான் பார்த்ததில்லை. இதை என்னிடம் கேட்டாள்.

"ஒரு தரம் பாத்துட்டு வந்துடுறேண்டா தம்பி. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

எழுபதுகளின் கடைசி அது. காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் நான் அப்போதுதான் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். மேசை நாற்காலி உள்ளவனுக்கு எல்லாம் தெரியும் என்று குடும்பத்தில் ஒரு நம்பிக்கை. எனக்கும் இருந்தது. முதல் சிக்கல், நாள் பார்ப்பது. எங்களுக்கு ஆபீஸ் உள்ள நாளில்தான் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கலைக்கூடம் திறந்திருக்கும்; எங்களுக்கு லீவு என்றால் அங்கேயும் லீவு. கடைசியில் ஆகஸ்டு பதினாறு கிடைத்தது, பாண்டிச்சேரி சர்க்காருக்கு மட்டும் உள்ள விடுமுறை. ஒரு வருஷம் குறுவை அறுவடை குறுக்கே வந்தது. அடுத்த வருஷம் பெரியப்பாவுக்குக் காய்ச்சல். அதற்கு அடுத்த வருஷம், கலைக்கூடம் பார்த்துவிட்டுப் பூங்காவில் கட்டுச்சோறு சாப்பிடலாம் என்று நான் விளக்கியபோது பெரியப்பா கேட்டார்:

"புல்லுல உக்காந்து திங்கிறதுக்கு எதுக்குடா தஞ்சாவூரு? வயலுக்குப் போனா போதாது?"

ஆனாலும் வந்தார்.

அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. எங்கள் பக்கம் கடை திறந்திருக்கும். அதனால் எல்லையில் சோதனைச் சாவடி போட்டு, பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் துழாவுவார்கள். போலீஸ்காரர் பெரியம்மாவின் பைக்குள் கை விட்டு ஒரு பிராந்தி பாட்டிலை எடுத்தார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எங்கள் ஊர் வீடுகளில் நல்லெண்ணெய், மண்ணெண்ணெய், தேன் எல்லாமே பிராந்தி பாட்டிலில்தான் இருக்கும். அதற்கு வீட்டில் குடிக்கிறவர் இருக்க வேண்டும் என்பதில்லை. அது எங்களுக்கு வெறும் பாட்டில்.

"என்னம்மா இது?"

"பன்னீருங்க."

"பன்னீரா? யாருக்குக் கல்யாணம்?"

"அம்மனுக்கு அபிஷேகங்க."

மோந்து பார்த்தார். நம்பாமல் இன்னொரு தரம் மோந்தார். பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, வெயிலில் காய்ந்த முகத்தில் தடவிக்கொண்டு, "போங்க" என்றார். அப்போதுதான் பையில் பொம்மைக்குத் தைத்தது போன்ற ஒரு சின்னப் பட்டுப்பாவாடையும் இருந்ததைப் பார்த்தேன். நான் போட்டிருந்தது சுற்றுலாத் திட்டம். அவள் வேறு காரியமாக வந்திருந்தாள்.

கலைக்கூடத்தில் வெண்கல அம்மன்கள் வரிசையாக நின்றார்கள். அடையாளம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். "மூஞ்சி தெரியாதாடா எனக்கு?" என்றாள். ஒவ்வொரு முகத்தின் முன்னும் நின்று பார்த்தாள். சுற்றி முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். வாசலில் உட்கார்ந்திருந்த ஊழியர் எழுந்து வந்தார்.

"எதத் தேடுறீங்கம்மா?"

"எங்க வயல்ல எடுத்த அம்மங்க. வெள்ளைக்காரன் இருந்தப்ப. சுரக்குடி, திருநள்ளாத்துப் பக்கம்."

"எந்த வெள்ளைக்காரன்? அது பிரெஞ்சுக்காரன் ஊராச்சே. அங்க எடுத்தது இங்க எப்படிம்மா வரும்? பாண்டிச்சேரிக்குப் போயிருக்கும். இல்லாட்டி கப்பல் ஏறியிருக்கும்."

பஸ்ஸுக்கு எல்லை உண்டு, பிராந்திக்கு உண்டு, விடுமுறைக்கு உண்டு. அதையெல்லாம் பார்த்துப் பார்த்துத் திட்டம் போட்ட எங்களில் ஒருவருக்குக்கூட, சாமிக்கும் எல்லை உண்டு என்று தோன்றவில்லை.

பூங்காவில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். பெரியம்மா தொடவில்லை. பெரியப்பா, "அடுத்த வருசம் பாண்டிச்சேரி போவலாம், சாப்புடு" என்றார். அவள், "அது நம்ம சர்க்காருதானே, பத்திரமா இருப்பா" என்று ஓர் உருண்டை வாங்கிக்கொண்டாள்.

பாண்டிச்சேரிக்கும் நாங்கள் திட்டம் போட்டோம். நடுவில் பெரியப்பா காலமானார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி மழையில் பெரியம்மாவும் போய்விட்டாள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அந்தச் சாவடியில் இப்போது யாரும் பையைத் துழாவுவதில்லை, வண்டிகள் நிற்காமல் போகின்றன. பாண்டிச்சேரிக்கு ஆபீஸ் வேலையாகப் பலமுறை போயிருக்கிறேன். ஒருமுறை அங்கிருந்த அருங்காட்சியகத்துக்குள்ளும் நுழைந்தேன். அம்மன்கள் நின்றார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், எல்லாமே அழகாகத்தான் இருந்தன. அவள் அங்கேயே எனக்கு எதிரே நின்றிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. அந்த முகம் தெரிந்தவள் சுரக்குடியில் ஒருத்திதான் இருந்தாள்.